எதிரணிக்குச் சோறு போட்ட தெரு

1

எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணிக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. எங்கள் ஊர் என்றதும் நான் பிறந்த உத்தமபாளையத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தெற்கு ஜெர்மனியில், பெயரைச் சொன்னாலும் உங்கள் வாயில் நுழையாத ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி நான் இங்கே வந்து இறங்கிய அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர், "இந்த ஊருல ரெண்டு விஷயம் பிரபலம். ஒண்ணு கடிகாரம், இன்னொண்ணு பாஸ்கெட்பால்" என்றார். கடிகாரத் தொழிற்சாலையை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். ஆக, மிச்சமிருந்தது பாஸ்கெட்பால் மட்டும்தான்.

இது சம்பளத்துக்கு ஆடும் அணி. நாட்டின் முதல் பிரிவில் ஆடுகிற ஊர்களிலேயே சின்னது எங்களுடையது. அந்த அணியில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூடக் கிடையாது. அமெரிக்காவிலிருந்து நாலு பேர், செர்பியாவிலிருந்து ரெண்டு பேர், லாத்வியாவிலிருந்து ஒருவர் என்று வருஷா வருஷம் புதிதாக வந்து இறங்குவார்கள். வசந்தம் முடிந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்ததே இந்த விஷயத்தில்தான். நான் ஒரு கண் டாக்டரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில்தான் வரி கட்டுகிறேன், குப்பையை நாலு நிறத்தில் பிரித்துப் போடுகிறேன். இன்றைக்கும் கண்ணாடி மாற்ற வருகிறவர், "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார். "பின்பக்கத் தெருதான்" என்பேன். "இல்லை, நிஜமாகவே எந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வரும். ஆனால் அலபாமாவிலிருந்து ஆகஸ்டில் வந்த பையன் அக்டோபரில் ரெண்டு நல்ல ஆட்டம் ஆடிவிட்டால், அதே ஆள் அவனை "நம்ம பையன்" என்பார். அவனுக்கு ஜெர்மனில் காலை வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. எனக்கு வயிறு எரியாதா?

இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தது அந்த எரிச்சலைக் கொட்டத்தான். எழுத எழுத வேறு எங்கோ போய்விட்டது.

2

தேனிப் பக்கத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் கூடைப்பந்து என்பது பெரிய சமாச்சாரம். மே மாதம் வந்தால் மண் தரையைக் கெட்டித்து, தண்ணீர் தெளித்து, மூங்கிலில் கேலரி கட்டி, ஒரு வாரம் போட்டி நடக்கும். ரயில்வே அணி, பட்டாள அணி, பேங்க் அணி, கேரளத்து அணி என்று எங்கிருந்தெல்லாமோ ஆறரை அடி உயர ஆட்கள் வந்து இறங்குவார்கள். திராட்சைத் தோட்டத்துப் பந்தல் உயரத்துக்கு மனிதர்கள் நடந்துபோவதை நாங்கள் வாய் பிளந்து பார்ப்போம்.

வந்தவர்கள் படுத்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் உண்டு. சோற்றுக்குத் தெருதான். போட்டிக்கு முந்தின நாள் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எந்தத் தெருவுக்கு எந்த அணி விழுகிறதோ, அந்த வாரம் முழுக்க அந்த அணி அந்தத் தெருவின் பிள்ளைகள். மூன்று வேளையும் அவர்களுக்குச் சாப்பாடு. யாருக்கு உறைப்பு ஆகாது, யார் சைவம், யாருக்குச் சப்பாத்தி வேண்டும் என்பதெல்லாம் மறுநாளுக்குள் தெருவுக்கே மனப்பாடமாகிவிடும். கறிக்கடை பாய் வீட்டிலிருந்து ஒரு சட்டி வரும், எங்கள் வீட்டிலிருந்து ஒரு சட்டி போகும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஆட்டத்தில் தெரு தன் அணிக்குத்தான் கத்தும். எதிரே ஆடுவது எங்கள் ஊர் அணியாக இருந்தாலும் சரி. ஊர் அணிக்கு ஊரே இருக்கிறது, வந்தவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. தோற்றுப்போன அணியை பஸ் ஏற்றிவிடக் கொட்டு மேளத்தோடு போவார்கள். ஜெயித்தவர்களைவிடத் தோற்றவர்களுக்குச் சத்தம் கூடுதலாக இருக்கும். ஒரு வருஷம் கேரளத்துப் பெண்கள் அணி எங்கள் தெருவுக்கு விழுந்தது. ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். அவர்களை வழியனுப்ப எங்கள் தெரு ஒரு லோடு வேனில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் போனது. மலையேறிய பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து அந்த அக்காமார் கை ஆட்டிக்கொண்டே போனது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் எங்கள் தெருவில் தலைவன் என் அண்ணன் ராசு. திராட்சை விவசாயி. பந்தைக் கையில் வாங்கினால் எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாது. ஆனால் வெளியூர் அணிக்குச் சாப்பாடு குறைந்தது என்று ஒரு பேச்சு வர விடமாட்டார்.

3

இந்த ஊர் அணியின் கதையை எனக்குச் சொன்னவள் ஹெல்கா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மகள் மீனா கிளப்பின் பெண்கள் ஜூனியர் அணியில் சேர்ந்தபோது, வேறு வழியில்லாமல் நானும் சீசன் டிக்கெட் வாங்கினேன். பக்கத்து இருக்கை ஹெல்காவுடையது. பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவாள். என்னை நிஜமாகவே எந்த ஊர் என்று கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. பதில் சொன்னதும் உத்தமபாளையம் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள் மட்டும்தான்.

ஐம்பதாவது ஆண்டுக்காக அரங்கத்தின் நடைபாதையில் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் நின்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இந்த அணியை ஆரம்பித்தவர்கள் கடிகாரத் தொழிற்சாலைத் தொழிலாளிகள். பக்கத்து முகாமிலிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பந்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவர்கள் ஒரு மரப் பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றி சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் அடித்துவிட்டார்கள். அந்த வளையம் சரியான அளவைவிடச் சின்னது என்பது அவர்களுக்கு ரொம்ப நாளைக்குத் தெரியாது. சின்ன வளையத்தில் போட்டுப் பழகியதால், வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனபோது போட்டதெல்லாம் விழுந்திருக்கிறது. அப்படியே ஒவ்வொரு பிரிவாக ஏறிவிட்டார்கள்.

முதல் பிரிவுக்கு வந்த வருஷமே பனியின் பாரம் தாங்காமல் அரங்கத்தின் கூரை விழுந்தது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அந்த சீசன் முழுவதையும் மாட்டுச் சந்தைக் கொட்டகையில் ஆடினார்கள். காலையில் மாடு, மாலையில் பாஸ்கெட்பால். நடுவில் ஊர்ப் பெண்கள் தரையைக் கழுவி, மரப்பலகை விரிப்பார்கள். தலைநகர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடித் தோற்றார்களாம். "அதுதான் எங்கள் சிறந்த சீசன்" என்றாள் ஹெல்கா.

அப்புறம் தொழிற்சாலை மூடியது. கிளப் திவாலானது. அணியைக் கடைசிப் பிரிவில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வாத்தியார்மாரும் தீயணைப்பு வீரர்களும் சாயங்கால வேளையில் தொப்பையைக் குறைக்க ஆடுவார்கள். இவர்கள் அங்கேயும் போய் ஆடினார்கள். அரங்கத்தில் ஆள் வருவது நிற்கவில்லை. மறுபடியும் ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்தபிறகு முதல் பிரிவுக்குத் திரும்பினார்கள்.

நான் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் படத்தில் இருப்பவர்களில் ஒருவர்கூடக் கடைசிப் படத்தில் இல்லை. ஆடுகிறவன் வேறு, பயிற்சியாளர் வேறு, கூரை வேறு, சட்டையின் நிறம்கூட நடுவில் மாறியிருக்கிறது. ஆனாலும் அது அதே அணி. எப்படி? ஹெல்காவிடம் கேட்டேன். அவள் சுற்றிலும் கையைக் காட்டி, "நாங்கள் மாறவில்லையே" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை.

4

அந்த அணிதான் இந்த வருஷம் விழும் நிலைமைக்கு வந்தது. முதல் பிரிவின் அடியில் இருக்கும் அணி சீசன் முடிவில் கீழே இறங்கிவிடும். கடைசி ஆட்டம் எங்கள் அரங்கத்தில். ஜெயித்தால் தப்பிக்கலாம். தோற்றால் இறங்க வேண்டும். இறங்கினால் பெரிய நிறுவனங்களின் விளம்பரம் போய்விடும், சின்னப் பிள்ளைகளின் அணிகளை நடத்த முடியாது, பெண்கள் ஜூனியர் அணியை முதலில் மூடுவோம் என்று கிளப்பே சொல்லிவிட்டது.

மீனாவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு இடம் கொடுக்க, ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு பெருநகரத்து அணி தயாராக இருந்தது. அங்கே விளையாட்டு விடுதிப் பள்ளி இருக்கிறது. "இங்க டீம் நடந்துச்சுன்னா இங்கதான் ஆடுவேன். இல்லேன்னா போகத்தான்மா வேணும்" என்று மீனா என்னிடம் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னாள். என் மகள் தமிழில் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஜெர்மன் போதும்.

ஏற்கெனவே அவள் என்னிடமிருந்து மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருந்தாள். ஒரே வீட்டில் இருக்கிறாள் என்பது ஒன்றுதான் பிடிமானம். அதுவும் போய்விடுமா? மூன்று நிமிஷ ஆட்டத்தைக்கூடப் பொறுமையாகப் பார்க்காத நான், வேலைக்கு நடுவில் புள்ளிப் பட்டியலைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். குச்சனூர் சனீஸ்வரருக்கு எள் விளக்கு நேர்ந்துகொண்டேன். பீப்பாய் வளையத்தில் ஆரம்பித்த ஜெர்மன் அணிக்காகக் குச்சனூரில் நேர்ந்துகொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ராசு அண்ணன் வந்தார். மீனா அரங்கத்தில் ஆதரவாளர் கூட்டத்தோடு நின்று பெரிய டிரம் அடிப்பாள். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மருமகள் கொட்டடிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. விசாவுக்கு நாங்கள் இங்கே ஒரு ஆபீஸில் கையெழுத்துப் போட்டு, அவர் திரும்பிப் போவதற்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோம். அங்கே சென்னையில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டதற்கு, "மருமக கொட்டடிக்கிறா. பாத்துட்டு வந்துர்றேன்" என்றிருக்கிறார். எப்படிக் கொடுத்தார்களோ, விசா கிடைத்துவிட்டது.

தோற்றால் மீனா போய்விடுவாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வந்த இடத்தில் மனுஷன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

ஆட்டத்துக்கு முந்தின நாள் அரசு விடுமுறை. இந்த நாட்டில் விடுமுறை என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். நானும் கணவரும் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினோம். வாசலில் நாலு ஜோடி ஷூக்கள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு முறத்தின் நீளம்.

உள்ளே போனால், கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளி, தரையில் ஜமுக்காளம் விரித்து, நாலு ராட்சசர்கள் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சோறு, கோழிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். ராசு அண்ணன் கரண்டியோடு நிற்கிறார்.

"அண்ணே, யாரு இவுக?"

"விளையாட வந்த பிள்ளைக ஆத்தா. காலாற நடந்து போனேனா, முக்குல நின்னாக. ஓட்டல்ல அடுப்பு மூட்டலையாம், கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. பசியோட நிக்கிற பிள்ளைகள விட்டுட்டு வரச் சொல்றியா?"

"எந்த டீம்னு கேட்டீகளா?"

"கேக்காம இருப்பேனா? கைச்சாடையும் அரைகுறை இங்கிலீசுமாக் கேட்டேன். வெளியூர் டீமுன்னு சொன்னாக. அப்புறமென்ன, நம்ம டீமுதான?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாளைக்கு என் மகளை ஊரைவிட்டு அனுப்பப் போகிறவர்கள் என் வீட்டுக் கோழியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பசித்தவன் சாப்பிடும்போது எழுப்ப எனக்கும் மனசு வரவில்லை. நானும் அந்தத் தெருக்காரிதானே. உள்ளே போய் ரசத்தைச் சூடுபண்ணிக் கொண்டுவந்தேன்.

அவர்களில் மமாடு என்று ஒரு செனகல் நாட்டுப் பையன். மற்ற மூவரும் ஸ்பூனோடு போராட, அவன் மட்டும் கையால் பிசைந்து, ரசம் வழியாமல் அழகாகச் சாப்பிட்டான். தன் வீட்டிலும் இப்படித்தான், ஒரு பெரிய தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். "இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. இதுவரை யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை" என்றான். அண்ணனுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அப்போது மீனா வந்தாள். கழுத்தில் கிளப்பின் துண்டு, கையில் டிரம் குச்சி. கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?"

"பேசாம இரு மீனா, சாப்பிடுறாக."

"மாமா! நாளைக்கு எங்களைத் தோக்கடிக்க வந்தவங்க இவங்க!"

"தோக்கடிக்கட்டும் ஆத்தா. அது நாளைக்கு. இன்னைக்கி ராத்திரி பட்டினி போடலாமா?" என்றார் அண்ணன். "நீயும் கைகழுவிட்டு வா. நெஞ்செலும்பு ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

மீனா தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டிரம் சத்தம் வந்தது. நாலு பேரும் சிரித்தார்கள். மமாடு தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே எலும்பை உறிஞ்சினான்.

6

ஆட்டத்தன்று அரங்கத்தில் ஊசி போட இடமில்லை. எனக்கும் ஹெல்காவுக்கும் நடுவே அண்ணன். கழுத்தில் எங்கள் கிளப் துண்டைத்தான் போட்டிருந்தார், மீனாதான் போன வாரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பந்தை மேலே எறிந்ததும் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஏலே மமாடு! விடாத! போடுய்யா!"

சுற்றியிருந்த அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. எதிரே டிரம்மோடு நின்ற மீனா பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை.

"உன் அண்ணன் யாருக்குக் கத்துகிறார்?" என்று ஹெல்கா கேட்டாள். சீட்டுக் குலுக்குவது, தெரு, சட்டி, லோடு வேன் என்று எல்லாவற்றையும் நான் அவசரமாகச் சொன்னேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"மாட்டுக் கொட்டகை வருஷத்தில் வெளியூர் அணிக்காரர்கள் எங்கள் வீடுகளில்தான் தங்கினார்கள். அவர்களின் காலுறையை நான் துவைத்துப் போட்டிருக்கிறேன்" என்றாள். "ஆனால் அவர்களுக்காகக் கத்தியதில்லை. அது எங்களுக்குத் தோன்றவில்லை."

ஆட்டம் எங்கள் பக்கம் சாய்ந்தது, அவர்கள் பக்கம் சாய்ந்தது, மறுபடி எங்கள் பக்கம். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது அண்ணனின் கையைப் பிடித்தேன் என்று தெரியாது. ஒருபக்கம் அவர் வந்தவர்களுக்குக் கத்துகிறார், இன்னொரு பக்கம் நான் என் மகளுக்காகக் கத்துகிறேன். பந்து மமாடுவிடம் வந்தது. அவன் இரண்டு பேரைத் தாண்டி எழும்பினான். என் ரசத்தை வழியாமல் பிசைந்த அதே கை. பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. ஊதல் சத்தம் கேட்டது.

அண்ணன் ஒருவர் மட்டும் அந்த அரங்கத்தில் கைதட்டினார். நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன ஆத்தா?"

"மீனா போயிருவாண்ணே. தோத்தா வேற ஊருக்குப் போறதா இருந்துச்சு."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நேரே படியிறங்கி மீனா நின்ற இடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஆத்தா, ஒன் டீமு தோக்கணும்னு மாமன் கத்தல. வந்தவுக தனியா நிக்கக் கூடாதுன்னுதான் கத்துனேன். நெசமாச் சொல்றேன்."

மீனா டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் ஈரம்.

7

இனிமேல் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தோற்ற கூட்டம் கலையும் என்று பார்த்தால், எல்லோரும் எழுந்து நின்றார்கள். சீசன் முடிவில் கிளம்பப்போகும் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் படிப்பது இங்கே வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "ஹியர்!" என்று பதில் சொல்லும். இங்கே இருக்கிறான் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதைப் போலத்தான்.

அன்றைக்கு ஐம்பதாவது ஆண்டு. அதனால் கிளம்புகிறவர்களோடு நிறுத்தவில்லை. பீப்பாய் வளையத்தில் போட்ட முதல் தொழிலாளியிலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் எல்லாம் ஜெர்மன் பெயர்கள். அப்புறம் ஓர் இத்தாலியப் பெயர், ஒரு துருக்கியப் பெயர். பிறகு அமெரிக்கப் பெயர்கள், செர்பியப் பெயர்கள், நைஜீரியப் பெயர்கள். அரை வருஷம் ஆடிவிட்டு எங்கேயோ போனவர்கள், செத்துப்போனவர்கள், உலகத்தின் ஏதோ மூலையில் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒரு பெயர்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஊரே "ஹியர்!" என்றது. ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாக ஊர் நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அலபாமாப் பையனை இரண்டு மாசத்தில் நம்ம பையன் என்கிறவர்கள், அவன் போய் முப்பது வருஷமானாலும் அவனுக்காகப் பதில் சொல்வார்கள். அந்த வார்த்தையை இந்த ஊர் சும்மா கொடுப்பதில்லை. நான் இத்தனை நாளாக அதைப் பார்த்து வயிறெரிந்தேனே தவிர, இந்தக் குரலை ஒருமுறைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பக்கத்தில் அண்ணன் சுற்றிலும் பார்த்தார். "என்ன சொல்றாக?" என்று கேட்டார்.

"பேரு படிக்கிறாகண்ணே. எல்லாரும் 'இங்க இருக்காக'ன்னு சொல்றாக."

புரிந்துகொண்டார். அடுத்த பெயருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அரங்கம் அதிர, "உள்ளேன் ஐயா!" என்றார்.

மீனா திரும்பிப் பார்த்தாள். அடுத்த பெயர் வந்தது. "உள்ளேன் ஐயா!" மறுபடியும் வந்தது, மறுபடியும் "உள்ளேன் ஐயா!" அழுதுகொண்டிருந்த மீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக டிரம் குச்சிகளில் ஒன்றை அவள் மாமனிடம் கொடுத்தாள். பெயருக்கு ஒரு அடி. இவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். லோயர் கேம்ப் வரைக்கும் கேட்கிற மாதிரி அடித்தார் என் அண்ணன். மைதானத்தின் ஓரத்தில் மமாடு தோளில் பையோடு நின்று, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் பெயருக்கு அவனும் "ஹியர்" என்று சொன்னதை நான் பார்த்தேன்.

8

மீனா செப்டம்பரில் கிளம்பினாள். விடுதிக்கு, பள்ளிக்கு, காப்பீட்டுக்கு என்று நாங்கள் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. அவள் முகவரியை எங்கள் வீட்டிலிருந்து எடுக்க நகராட்சியில் சீட்டெடுத்துக் காத்திருந்தேன். உள்ளே இருந்த பெண் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ரசீது கொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்றாள்.

ஸ்டேஷனுக்கு ஹெல்காவும் வந்திருந்தாள். பிளாஸ்கை மீனாவின் கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். அண்ணன் உத்தமபாளையத்திலிருந்து வீடியோவில் வந்தார். தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, "ஏ ஆத்தா, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றார். பிறகு போனைத் திராட்சைக் கொத்துப் பக்கம் திருப்பிவிட்டார்.

ரயில் வந்தது. மீனா ஏறி, பையை வைத்துவிட்டு, கதவருகே திரும்பி வந்து நின்றாள். என்னைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள். எப்போது அப்படி வளர்ந்தாள் என்று தெரியவில்லை. ஜெர்மனில் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள்.

"அம்மா, எங்க புது டீம் ஒருநாள் இந்த ஊருக்கு ஆட வரும். இந்த ஊர் பெரிய பொண்ணுங்க டீமுக்கு எதிரா நான் ஆடணும்" என்றாள். தமிழில். "அன்னைக்கு நீ யாருக்கும்மா கத்துவ?"

"வர்ற டீமுக்குத்தான்டி, வேற யாருக்கு?" என்றேன். "முந்தின நாளே வீட்டுக்கு வந்துரு. பன்னெண்டு பேரையும் கூட்டிட்டு வா. ரசம் வச்சிருக்கேன்."